காட்டாவிளையின் மூன்றாவது மாப்பிள்ளை

ஞானையன் என்கிற பேரை அன்னக்கிளி முதன்முதலில் கேட்டபோது அவள் கையில் பாதி துருவிய தேங்காய்மூடி இருந்தது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு பிறந்த ஆவணி மாதம் அது. வெள்ளைக்காரன் கணக்கில் முப்பத்தொன்று. ஓண நாள். சடுகுடுப் பந்தயம் முடிந்து வந்த தாய்மாமன் முத்துநாயகம் கால்கூடக் கழுவாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றார். தோற்றுவிட்டு வந்தவர் முகம் மாதிரி இல்லை. சந்தையில் நல்ல காளை ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

"தங்கச்சி, ஒனக்க மூணாவது மவளுக்கு மாப்பிள கெடச்சாச்சு கேட்டியா" என்றார் அன்னக்கிளியின் அம்மாவிடம். "பேரு ஞானையன். பாறைக்குழிக்காரன். எம்மா, என்ன தொடை! ரெண்டும் பலாத்தடியாக்கும். ஒத்தயில வந்து நம்ம பயலுவ நாலுபேர இழுத்துக்கிட்டு கோட்டத் தாண்டிட்டான். அவன் இல்லேன்னா இண்ணைக்கி பாறைக்குழியே இல்ல."

"குடும்பம் எப்பிடிப்பட்ட குடும்பம் அண்ணே?"

"குடும்பமா? அவனுக்கு மூச்சு எம்புட்டு நேரம் நிக்குதுண்ணு தெரியுமா ஒனக்கு?"

தொடையும் மூச்சும்தான் அன்னக்கிளியின் காதில் விழுந்தன. மனிதன் விழவில்லை. தேங்காய்மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். 

அவளுக்கு அப்பா இல்லை. பனையிலிருந்து விழுந்து செத்தவர். அதற்குப் பிறகு அம்மா மூன்று பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு, கருங்கலுக்கு வடக்கே இருக்கிற காட்டாவிளைக்கு வந்தவள். முத்துநாயகம் கருங்கல் சந்தையில் வாழைக்குலை வியாபாரி. கள் கிடையாது, சீட்டு கிடையாது, வேண்டாத சகவாசம் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம், சடுகுடு. ஓணத்துக்கு ஓணம் காட்டாவிளைக் கட்சி ஜெயிக்க வேண்டும். சந்தையில் நாலுபேர் அதைச் சொல்ல வேண்டும். அதற்காக அவர் கண்டுபிடித்த வழியைத்தான் நினைக்க நினைக்கக் குமட்டும். வேறு ஊரில் நன்றாக ஆடுகிறவன் எவனாவது இருந்தால், தங்கச்சி மகளில் ஒருத்தியைக் கட்டிக்கொடுத்து, தன் தோட்டத்து விளையிலேயே ஒரு வீடும் வைத்துக்கொடுத்து, அவனைக் காட்டாவிளைக்காரன் ஆக்கிவிடுவார்.

மூத்தவள் பொன்னம்மையை முஞ்சிறைப் பக்கத்து ஐயப்பனுக்குக் கொடுத்தது இப்படித்தான். ஐயப்பன் பிடிகாரன். அவன் கையில் ஒரு கணுக்கால் சிக்கினால் விடாது. நடுவுள்ளவளைக் கிருஷ்ணமணிக்குக் கொடுத்தார். அவன் பாடிக்கொண்டு போகிறவன். எதிராளியின் கோட்டைத் தாண்டி உள்ளே போய், மூச்சு விடாமல் சடுகுடு சொல்லிக்கொண்டே ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதில் கெட்டிக்காரன். பொன்னம்மையின் கல்யாணப் பந்தலில்கூட மாமன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பிடித்துப் பார்த்தார் என்று அந்தப் பக்கத்துச் சொந்தக்காரிகள் இன்றைக்கும் சொல்வார்கள்.

அவருக்கும் ஒரு மகள் உண்டு. அவளை நாகர்கோவில் கோர்ட்டில் எழுத்துவேலை பார்க்கிற பையனுக்குத்தான் கொடுத்தார். அப்போது பொன்னம்மை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏன் மாமா, அவளுக்கும் ஒரு பந்தயக்காரனப் பாத்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டாள். மாமன் நிஜமாகவே திடுக்கிட்டுப் போனார். "ஏட்டி, எனக்க மவள மண்ணுல உருளுகவனுக்கா குடுக்க?" என்றார். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்கவும் இல்லை. அதுதான் அதைவிட அருவருப்பு.

ஞானையனின் நிச்சயம் கார்த்திகையில், அய்யாவழிக்காரர்கள் கூடிக் கும்பிடுகிற அய்யா தாங்கலில் வைத்து நடந்தது. இந்தத் தடவை மாமன் ஒரு பாடம் படித்திருந்தார். "முன்னே ரெண்டுபேருக்கும் முந்தியே கெட்டிக் குடுத்துட்டேன். தின்னு கொழுத்துப் போனானுவ. இவனுக்கு ஓணம் ஜெயிச்ச பொறவுதான் தாலி" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? தாங்கலில் கூடியிருந்த ஆட்களைப் பார்த்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சில் கை வைத்து உரக்கச் சொன்னார்:

"ஐயப்பன், கிருஷ்ணமணி, ஞானையன். இந்த மூணு சிங்கமும் ஒரே கட்சியில. இத வச்சுக்கிட்டு அடுத்த ஓணம் தோத்துப்போனேண்ணா, இனி பந்தயக்காரனுக்குப் பொண்ணு குடுக்கேன்னு நான் வாயத் தொறக்கமாட்டேன். அய்யாமேல சத்தியம்."

எல்லோரும் சிரித்தார்கள். தோற்பதாவது! அன்னக்கிளி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சத்தியத்தை அவள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். ஜெயித்தால் ஞானையனுக்குப் பெண்டாட்டி. தோற்றால் இந்த மனிதரின் கையிலிருந்து விடுதலை. அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

ஞானையன் காட்டாவிளைக்கு வந்து, விளையின் கடைக்கோடியில் குலை பழுக்க வைக்கிற கிட்டங்கியில் தங்கினான். ஆள் பார்க்க மோசம் இல்லை. நல்ல உயரம், சுருட்டை முடி, அடிபட்டு ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. முதல் வாரம் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தான். கை கழுவ வெள்ளம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, தானே மொண்டுகொண்டான். ஒரு தடவை விறகுகூடக் கீறிக் கொடுத்தான்.

அதைப் பார்த்துவிட்டு மாமன் பதறி ஓடிவந்தார். "மாப்பிள, கோடாலியக் கீழ வையும்! தோளு பெசகிச்சுண்ணா என்னாவும்?"

அன்றோடு சரி. பிறகு அவன் ஒரு சிரட்டையைக்கூட நகர்த்தவில்லை. காலையில் பச்சைமுட்டை. அது முடிந்து பழங்கஞ்சி. பிறகு ஏத்தன்பழமும் பயறும். மத்தியானம் மீன்கறியும் சோறும், அதுவும் அயிலை என்றால் தலை வேண்டாம், நடுத்துண்டு வேண்டும். சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு. மூன்று மாப்பிள்ளைமாரும் வரிசையாக உட்கார்ந்து தின்கிற சத்தம் அடுக்களைக்குள் கேட்கும். தின்றுவிட்டு ஒருத்தன் ஏப்பம் விட்டால் அடுத்தவன் அதைவிடப் பெரிதாக விடுவான். மூன்றாவது ஏப்பத்துக்கு ஐயப்பன் தலையாட்டிப் பாராட்டுவான். உடம்பெல்லாம் எண்ணெய். அந்த எண்ணெயும் வேர்வையும் பழுத்த குலையின் வாடையும் கலந்து, கிட்டங்கிப் பக்கம் போனாலே அன்னக்கிளிக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அவர்கள் தேய்த்துப் போட்ட துண்டுகளைத் துவைக்கிற வேலையும் அவளுக்குத்தான்.

"ஏட்டி, மொகத்த இப்பிடி வச்சுக்கிட்டிருந்தா கெட்டப்போறவன் என்ன நெனப்பான்?" என்றாள் பொன்னம்மை.

"அவன் எனக்க மொகத்தப் பாத்தாத்தானே நெனக்கதுக்கு. அவன் பாக்கது சட்டியையாக்கும்."

பொன்னம்மை வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் வீட்டிலும் அதே சட்டிதானே.

சாயங்காலம் பழகுவதற்கென்று மாமன் ஒரு களம் வெட்டி, ஆற்றுமணல் போட்டு வைத்திருந்தார். துண்டு உலர்த்தப் போகிற சாக்கில் அன்னக்கிளி அதைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கூத்தைக் கேட்டால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான். மாப்பிள்ளை என்றால் அந்தப் பக்கத்தில் என்ன மரியாதை என்று தெரிந்தவனுக்குத்தான் விளங்கும். மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மாப்பிள்ளை வெறுந்தரையில் உட்காரக் கூடாது, பலகை போட வேண்டும். மச்சினன் முறைக்காரன் மாப்பிள்ளைமேல் கை வைத்தான் என்றால் அது ஏழு தலைமுறைக்கும் பேச்சு. காட்டாவிளைப் பையன்கள் எல்லோருமே ஒரு வகையில் அந்த வீட்டுக்கு அண்ணன் தம்பிமார். அப்படியானால் இந்த மூன்று பேருக்கும் மச்சினன்மார்.

ஞானையன் பாடிக்கொண்டு வருவான். பையன்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவன் நாலுபேரைத் தொட்டுவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்புவான். ஒருநாள் ஒரு துடியான பையன் உண்மையாகவே காலைப் பிடித்து மண்ணில் சாய்த்துவிட்டான். ஞானையன் எழுந்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, கிட்டங்கிக்குப் போய், அன்றைக்கு மீன்கறி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். அவ்வளவுதான், மாமனுக்கு உயிர் போய்விட்டது. அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். "லே, மாப்பிளமாருக்க மேல மண்ணு படப்பிடாது பாத்துக்க. ஓணத்தண்ணைக்கி பட்டாப் போரும்" என்றார்.

யார் முதலில் பாடிப்போவது என்பதும் திறமை பார்த்து இல்லை. மூத்த மாப்பிள்ளை முதலில், நடு மாப்பிள்ளை அடுத்து, நிச்சயம் மட்டும் ஆனவன் கடைசியில். பந்தியில் இலை போடுகிற வரிசைதான் களத்திலும். பிடிகாரனான ஐயப்பனுக்குப் பாடிப்போகத் தெரியாது. வாசல்வரை போவதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் மூத்தவனை விட்டுவிட்டு இளையவனை அனுப்பினால் அவன் பொன்னம்மையைக் கூட்டிக்கொண்டு முஞ்சிறைக்குப் போய்விடுவான்.

மாசி மாதத்தில் ஒருநாள் தேங்காப்பட்டணத்து மைதீன் கனி வீட்டு முற்றத்துக்கு வந்தார். கயிறு வாங்கிக் கப்பலுக்கு அனுப்புகிறவர். இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள் என்பதால் ஓணப் பந்தயத்துக்கு அவர்தான் மத்தியஸ்தம். சாயா குடித்துக்கொண்டே மாமன் அவர் வாயைக் கிளறினார்.

"பாய், அடுத்த ஓணம் எப்பிடி? சும்மா மனசுல பட்டதப் பறயும்."

"நான் என்னத்தப் பறய? சந்தையில கேட்டா எல்லாரும் காட்டாவிளைதாண்ணு சொல்லுகான். மூணு பெரும்புள்ளி ஒரே எடத்துல."

"பின்னே! பாறைக்குழியில இப்பம் எவன் இருக்கான்? தலையத்தான் நான் வெட்டி எடுத்துட்டு வந்துட்டேனே."

"அதாக்கும் முதலாளி எனக்கு ஒரு இது. தலை போனதுல இருந்து மிச்சம் உள்ளவனுவ நல்லாப் பழகுகானுவ. முன்னே ஞானையன் பாத்துக்கிடுவாண்ணு நிண்ணானுவ. இப்பம் பாத்துக்கிட ஆளில்லியே. நான் கயிறு எடுக்கப் போவும்போ பாக்கேன். பயலுவ நாளுக்கு நாள் கேறிக்கிட்டு வாறானுவ."

"தேங்காமட்டைக் கதம்பல் தல்லுகவனுவ எங்க கேற?" என்று ஐயப்பன் பலகையில் சாய்ந்தபடியே சொன்னான். கிருஷ்ணமணி பல்லைக் குத்திக்கொண்டு சிரித்தான். ஞானையன் தன் சொந்த ஊரைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும், எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். அடுக்களையிலிருந்து அதைக் கேட்ட அன்னக்கிளிக்கு, அவன் தின்கிற சத்தமே தேவலை என்று தோன்றியது.

பாறைக்குழியில் அன்னக்கிளிக்கு ஒரு அத்தை உண்டு, செத்துப்போன அப்பாவின் அக்கா. பங்குனியில் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொல்ல, அம்மா அவளை அனுப்பி வைத்தாள். அங்கே காயல்கரை முழுக்க ஊறப்போட்ட தேங்காய்மட்டைக் கதம்பலின் நாற்றம். புதிதாகப் போகிறவன் வாந்தி எடுப்பான். அன்னக்கிளிக்கு அந்த நாற்றம் முதல்நாள் மட்டும்தான் தெரிந்தது. கிட்டங்கி வாடை மாதிரி அது மனசுக்குள் போய் உட்காரவில்லை.

பையன்கள் பகலெல்லாம் ஊறின கதம்பலைத் தடியால் தல்லுவார்கள். வேலை முடிந்ததும் கரையில் சேறும் மணலுமாகக் கிடக்கிற இடத்தில் கோடு கிழிப்பார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் ஜஸ்டஸ். இவன் வேறு யாரும் இல்லை, ஞானையனின் சித்தப்பா மகன். சித்தப்பா பெண் கட்டின வீடு கிறிஸ்தவ வேதக்காரர் வீடு. அதனால் அவரும் கோயிலில் சேர்ந்து, பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று. வேதம் மாறினாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே புளியமரம். ஜஸ்டஸும் ஞானையனும் ஒரே சட்டியில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள்.

அங்கே மாப்பிள்ளையும் இல்லை, மச்சினனும் இல்லை. ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்தான். ஜஸ்டஸ் ஒருதடவை பிடியை நழுவவிட்டான். அவனைவிடச் சின்னவன் ஒருத்தன் சேற்றோடு எழுந்து, "அண்ணே, ஒம்ம கையி என்ன வெண்ணையா? விட்டுட்டீரே, மூதி!" என்று கத்தினான்.

"தப்புதாம்லே. இன்னொருக்கா வா" என்றான் ஜஸ்டஸ்.

ஒருத்தன் ஞானையனைப் போலவே பாடிக்கொண்டு வர, மற்றவர்கள் கையைக் கோத்துக்கொண்டு வளைவதைத் திரும்பத் திரும்பப் பழகினார்கள். காலைப் பிடிக்கவே இல்லை. அவன் திரும்புகிற வழியை அடைத்தார்கள். அன்னக்கிளிக்குச் சடுகுடு தெரியாது. ஆனால் ஓணத்தன்று என்ன நடக்கும் என்பது அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி அத்தை வீட்டில் வயிறாரச் சாப்பிட்டாள்.

திரும்பி வந்த மறுநாள் கிணற்றடியில் ஞானையன் நின்றான். நிச்சயம் ஆன பிறகு அவளிடம் அவன் பேசின முதல் பேச்சு அதுதான்.

"பாறைக்குழிக்குப் போனியாமே. பயலுவ எப்பிடி ஆடுகானுவ?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் விரும்பினதும் அவன் தோற்பதைத்தானே. ஆனாலும் கேட்டவனிடம் மறைத்தால் அந்த வீட்டு அழுக்கில் தனக்கும் பங்கு வந்துவிடும் என்று தோன்றியது.

"ஒம்மப் பிடிக்கதுக்குண்ணே பழகுகாவ. காலுக்கு வரமாட்டாவ. பொறத்தால வழிய அடைப்பாவ. இங்க மச்சினன்மாரு வழிவிடுகதப் பாத்து ஏமாந்துராதியும். ஒருக்காலாவது அவியள உண்மையாட்டு பிடிக்கச் சொல்லும்."

ஞானையன் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தான். அந்த ஒரு நிமிஷம், விறகு கீறிக் கொடுத்த பழைய ஆள் கண்ணில் எட்டிப்பார்த்த மாதிரி இருந்தது. பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

"ஜஸ்டஸா என்னயப் பிடிக்கப்போறான்? அவனுக்கு மூக்கு வடியும்போ தொடச்சு விட்டவன் நானாக்கும்." போகத் திரும்பினவன் நின்றான். "பின்ன, நேத்தைக்கு வச்ச புளிக்கறியில உப்பு கொறவு. ஒனக்க அக்காட்ட சொல்லு."

அன்னக்கிளி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். இனி அவன் பாடு.

ஓணம் வந்தது. கருங்கலுக்குக் கிழக்கே அறுவடையான வயலில் களம். நாலு திசையிலிருந்தும் சனம். பெண்கள் எல்லோரும் ஒரு கொல்லாமரத்தடியில் நின்றார்கள். காட்டாவிளைக் கட்சி மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. மூன்று மாப்பிள்ளைமாருக்கும் மாமன் எடுத்துக்கொடுத்த புதுத் துண்டு. பாறைக்குழிப் பையன்கள் நடந்து வந்தார்கள். அவர்கள் உடம்பில் கதம்பல் நாற்றம் என்று யாரோ மூக்கைப் பிடித்துக் காட்ட, மாமன் பெரிதாகச் சிரித்தார்.

மைதீன் கனி துண்டை வீசி ஆட்டம் தொடங்கினார். முதலில் மூத்த மாப்பிள்ளை ஐயப்பன் பாடிப்போனான். பாதிக் களம் தாண்டுவதற்குள் மூச்சு இளைத்து, தானாகவே நின்றுவிட்டான். யாரும் தொடக்கூட இல்லை. ஆட்டத்திலிருந்து வெளியேறினவன் கோட்டுக்கு அப்பால் மண்ணில் உட்கார வேண்டும். ஐயப்பன் உட்காரவில்லை. நின்றுகொண்டு மாமனைப் பார்த்தான். மாமன் வண்டியிலிருந்து பலகையை எடுத்து ஓடினார்.

சனம் ஓவென்று கூவியது. "ஓய், மாப்பிளைக்கு இலையும் போடும் ஓய்!" என்றான் ஒருத்தன். "பப்படத்த மறந்துராதியும்!" என்றான் இன்னொருத்தன். கொல்லாமரத்தடியில் பொன்னம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கிருஷ்ணமணி இரண்டு பேரைத் தொட்டான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜஸ்டஸ் இந்தப் பக்கம் பாடிக்கொண்டு வந்தபோதுதான் வெட்கக்கேடு. கிருஷ்ணமணி ஆளைத் தொட்டு வந்ததால் ஐயப்பன் உயிர் கிடைத்து மறுபடி உள்ளே வந்திருந்தான். ஜஸ்டஸின் இடுப்பை அவன் பிடித்துவிட்டான். கிருஷ்ணமணி கீழே விழுந்து காலைப் பிடித்தால் முடிந்தது. கிருஷ்ணமணி அசையவில்லை.

"பிடியும் மாப்பிள, பிடியும்!" என்று மாமன் தொண்டை கிழியக் கத்தினார்.

"சகலைக்க காலுக்குக் கீழ நான் போய்க் கெடக்கணுமா?" என்று கிருஷ்ணமணி களத்துக்குள் நின்றே திருப்பிக் கேட்டான்.

"அவன் கெடந்தா என்ன, முடி கொட்டிருமா?" என்று ஐயப்பன் உறும, உறுமினதில் பிடி தளர, ஜஸ்டஸ் அவனையும் இழுத்துக்கொண்டு, போகிற போக்கில் கிருஷ்ணமணியையும் தொட்டுவிட்டுத் தன் கோட்டுக்குள் போய் விழுந்தான். அவர்களை அதட்ட ஒரு வாயும் இல்லை அந்தக் கட்சியில். மற்றவர்கள் எல்லோரும் மச்சினன்மார். மாப்பிள்ளையை அதட்டலாமா?

கடைசியில் ஞானையன் மட்டும் மிஞ்சினான். உண்மையைச் சொல்ல வேண்டும், அவன் பாடிக்கொண்டு போனபோது சனம் அடங்கியது. அந்தச் சத்தம் மணிமாதிரி. ஒருத்தனைத் தொட்டான், இன்னொருத்தனைத் தொட்டான், திரும்பினான். திரும்பின இடத்தில் வழி இல்லை. கோத்த கைகள் மதிலாக நின்றன. இத்தனை மாசமாக எல்லோரும் ஒதுங்கி வழிவிட்ட உடம்பு அது. முட்டிப் பிளந்துகொண்டு போவது எப்படி என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. அவன் நின்றான். வழிவிடுவார்கள் என்று நின்றான். ஏழெட்டுப் பேர் மேலே சாய்ந்தார்கள். வாய் மண்ணில் புதைந்தது. தோள் பிசகின சத்தம் கொல்லாமரம்வரை கேட்டது.

மைதீன் கனி பாறைக்குழிப் பக்கம் கையைத் தூக்கினார்.

அன்னக்கிளிக்கு நெஞ்சுக்குள் ஒரு காற்று வீசின மாதிரி இருந்தது. சத்தியம் செய்திருக்கிறாரே மாமன்! தாங்கலில், நாலுபேர் பார்க்க. இனி ஒன்றும் இல்லை, முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பார்த்தாள். மாமன் விழுந்துகிடந்த ஞானையனைத் தாண்டிப் போனார். தாண்டி என்றால் நிஜமாகவே காலைத் தூக்கி வைத்துத் தாண்டி. நேரே ஜஸ்டஸிடம் போய் நின்று, அவன் கையைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, என்ன கையி! எனக்க தங்கச்சி மவ ஒருத்தி இருக்கா. விளையில வீடும் வச்சுத் தாறேன். வேதம் ஒண்ணும் பிரச்சன இல்ல, பேசிக்கிடலாம்."

அவள் அங்கேதான் நிற்கிறாள். ஞானையன் அங்கேதான் கிடக்கிறான். இரண்டு பேரும் மாமனின் கண்ணில் படவே இல்லை.

ஜஸ்டஸ் கையை உதறினான். "வோய், அண்ணனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு எனக்கு மைனி முறையாக்கும். மைனியக் கெட்டிக்கோண்ணு சொல்லுகீரே, நீரு சோறு தின்னுகீரா வேற எதும் தின்னுகீரா?"

கூட்டம் நெருங்கி வந்தது. அன்னக்கிளி கொல்லாமரத்தடியை விட்டுக் களத்துக்குள் நடந்தாள். பெண்கள் யாரும் கால் வைக்காத களம். பொன்னம்மை முந்தானையைப் பிடித்து இழுத்தாள், நிற்கவில்லை.

"மாமா, தாங்கல்ல சொன்ன சத்தியம் எங்க போச்சு? பந்தயக்காரனுக்குப் பொண்ணு குடுக்கேன்னு வாயத் தொறக்கமாட்டேன்னு அய்யாமேல சொன்னீரே. வாய மூடி ஒரு வெத்தில போடுக நேரம்கூட ஆவல்லியே!"

"ஏட்டி, வீட்டுக்குப் போ!" மாமன் கையை ஓங்கினார்.

மைதீன் கனி குறுக்கே வந்தார். "முதலாளி, கைய எறக்கும். நானும் கேட்டிருக்கேன் அந்தச் சத்தியத்த. சந்தை முழுக்க நீருதானே சொல்லிக்கிட்டு நடந்தீரு."

கை இறங்கியது. கூட்டத்தில் அய்யாவழிக்காரர்கள் பாதிக்குமேல். சத்தியத்தை மீறினவனிடம் நாளைக்கு எவன் குலை வாங்குவான்? மாமனின் முகம் வெளுத்துப் போயிற்று. அந்த வெளுப்பு வெட்கத்தினால் இல்லை, வியாபாரத்தை நினைத்து என்பதும் அன்னக்கிளிக்குத் தெரிந்தது.

அப்போது ஞானையன் எழுந்து உட்கார்ந்தான். ஒரு கை தொங்கியது. வாயில் மண். தனக்குப் பேசின பெண்ணைத் தன் கண்ணெதிரே இன்னொருத்தனுக்குக் கூறுபோட்டதை அவனும் கேட்டிருக்கிறான். ஏதாவது சொல்வான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அன்னக்கிளியும் பார்த்தாள். மாமனையாவது நாலு வார்த்தை கேட்பான் என்று பார்த்தாள்.

"அப்பம் நாளைக்கி காலம்பற எனக்குக் கஞ்சி எங்க?" என்றான் ஞானையன்.

அன்னக்கிளி காறித் துப்பினாள். அவன்மேல் இல்லை, மாமன்மேலும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவே, மணலில். துப்பிவிட்டு அத்தையின் ஊர்ப்பக்கம் நடந்தாள். 

அம்மா பின்னாலேயே இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு பாறைக்குழிக்கு வந்துவிட்டாள். அன்னக்கிளி அங்கே கதம்பல் தல்லினாள், கயிறு திரித்தாள். ஓணத்துக்குக்கூடப் பந்தயம் பார்க்கப் போகாத ஒரு பனையேறியைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகள். காட்டாவிளைக் கட்சி கலைந்தது. பந்தயம் இல்லை என்றானதும் மாமன் விளையில் கொடுத்த வீட்டையும் பலகையையும் திரும்ப எடுத்துக்கொண்டார். ஐயப்பனும் கிருஷ்ணமணியும் பெண்டாட்டிமாரைக் கூட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய் வேலை செய்யப் படித்தார்கள்.

ஞானையன் தோள் ஆறினதும் பாறைக்குழிக்கு வந்து கட்சியில் இடம் கேட்டான். "முதல்ல தடியப் பிடிச்சுக் கதம்பல் தல்லும் அண்ணே, சாயங்காலம் பாப்போம்" என்றான் ஜஸ்டஸ். ஒரு வாரம் தல்லினான். அடுத்த வாரம், சோறு போட்டு வைத்துக்கொள்ள ஒரு ஊர் கிடைத்ததென்று போய்விட்டான். அந்த ஊரும் ஒரு ஓணம்தான் வைத்துக்கொண்டது. பிறகு இன்னொரு ஊர். போன இடத்தில் எல்லாம் தான் மூன்று சிங்கத்தில் ஒருத்தன் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். ஆறேழு வருஷத்தில் முட்டியும் போயிற்று, மூச்சும் போயிற்று. கல்யாணம் ஆகவில்லை.

இப்போது அவன் குளச்சலில், மீன் ஏலம் போடுகிற இடத்துக்கு மேற்கே உள்ள ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் காவலுக்கு இருக்கிறான்.